துப்பாக்கிக்கு நான் வைத்த தமிழ்ச் சொல்

அந்தச் சொல்லை நான் சொன்னபோது காலை மணி பத்து இருபது. இதை நினைவிலிருந்து எழுதவில்லை. எங்கள் பிரிவில் யார் கைக்குத் துப்பாக்கி போனாலும், பதிவேட்டில் நாளோடு மணியையும் குறிக்க வேண்டும். மாணிக்கத்தின் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் பத்து இருபது என்று இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மை கொஞ்சமும் மங்கவில்லை.

மலாக்காவில், ஆயுத உரிமம் கொடுக்கும் பிரிவில் எழுத்தராகவும் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவன் நான். போன மாதம், என் நாற்காலிக்கு வந்திருக்கும் சிவலிங்கம் காஜா பேராங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு வயது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அவசரகாலம் முடிஞ்சு போச்சு சார். அதுக்காகக் குடுத்த துப்பாக்கியெல்லாம் ஒப்படைக்கணும், இல்லன்னா புதுசா மனு போடணும். கவுண்டர்ல தினம் சண்டதான்."

"என்ன சண்டை?"

"வெள்ளைக்காரன் குடுத்தத நம்ம ஆட்சியில பிடுங்குறீங்களேன்னு கேக்குறாங்க. எனக்கே அது நியாயமாத்தான் படுது. ஒருத்தன் பாராங் கத்தியோட வீட்டுக்குள்ள வந்துட்டான்னா, போலீஸ் வர்ற வரைக்கும் அவனுக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுத்துக்கிட்டா இருக்கிறது?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். அதை நான் எழுதித் தர வேண்டும். "உங்க தமிழ் சுத்தமா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். அவர் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, கோப்பில் சேராமல் போன பாதியை இங்கே எழுதுகிறேன்.

வேலை கற்ற ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் சீனியர் வகுப்பு வரை படித்தேன், தட்டெழுத்துக் கற்றேன், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி நட்டேன், சண்டை முடிந்ததும் மறுபடி அதே மேசைக்கு வந்தேன். அவசரகாலம் தொடங்கும்வரை எங்கள் பிரிவு தூங்கி வழியும். வருடத்துக்குச் சில பன்றி வேட்டைக்காரர்கள், சில துரைமார்கள். பிறகு காட்டு ஆள்கள், அதாவது ஆயுதத்தோடு காட்டுக்குள் புகுந்த கம்யூனிஸ்டுகள், தோட்டத்து அலுவலர்களைச் சுட ஆரம்பித்தார்கள். கணக்கு எழுதும் கிராணிகள், வேலை மேற்பார்க்கும் கண்டக்டர்கள், கடைக்காரர்கள் என்று கவுண்டரில் வரிசை நின்றது. எல்லாருடைய மனுவிலும் காரணம் ஒன்றுதான்: தற்காப்பு.

அப்போது எங்கள் அதிகாரி ஹென்ஷா துரை. மெலிந்தவர், குரல் உயர்த்தாதவர். அவர் ஒரு துப்பாக்கியைப் பார்க்கும் விதத்தை இன்றும் என்னால் நடித்துக் காட்ட முடியும். முதலில் இரண்டாக மடித்துத் திறப்பார். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவுவார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பார். ஒரு முழு மூச்சு அப்படியே நிற்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி. யாராக இருந்தாலும் மலாயில் ஒரே கேள்வி: "செனாப்பாங் தீடோர் மானா?" துப்பாக்கி எங்கே தூங்கும்?

கட்டிலுக்கு அடியில் என்றால் மனு திரும்பிப் போகும். பூட்டிய பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி என்றால் மேலே பேசுவார். ஒருமுறை ஆட்டிறைச்சிக் கடைக்காரர் ஒருவர், "எம் பொண்டாட்டி இருக்கிற வீட்டுல நானே தூங்குறதில்ல, அது எங்க தூங்கும்னு சொல்லுங்க" என்றார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். துரை சிரிக்காமல், அப்படியானால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. உரிமம் வாங்குபவரின் மனைவியும் வர வேண்டும். "ஆண் வேலைக்குப் போய்விடுவான். துப்பாக்கியோடு அதிக நேரம் வீட்டில் இருப்பவள் அவள்தான்" என்பார். இருவரும் ஐந்து விதிகளைத் தங்கள் மொழியில் கேட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் துப்பாக்கி கை மாறும்.

விதிகளைத் தமிழில் ஆக்கியவன் நான். அந்தக் காலத்தில் எனக்குத் தூய தமிழ்மேல் ஒரு வெறி இருந்தது. சங்கக் கூட்டங்களில் அக்கிராசனரைத் தலைவராகவும் நமஸ்காரத்தை வணக்கமாகவும் மாற்றிக்கொண்டிருந்தோம். துப்பாக்கியின் மேற்புறத்தில் கட்டைவிரலால் தள்ளும் சின்னப் பித்தான் ஒன்று உண்டு. அதைத் தள்ளாவிட்டால் விசை நகராது. தோட்டத்து ஆட்கள் அதைச் சேப்டி என்பார்கள், சிலர் மலாயில் குஞ்சி என்பார்கள். பூட்டு என்று பொருள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. பல நாள் யோசித்துக் 'காப்பு' என்று வைத்தேன். தற்காப்புக்கு வாங்கும் துப்பாக்கியில் ஒரு காப்பு. எவ்வளவு பொருத்தம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

விதிகளைத் தட்டச்சு செய்தவர் பிள்ளை. கம்போங் செட்டிக்காரர், என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவர். தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறையாக அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. அலுவலகக் கோப்புக்காக ரோமன் எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தமிழ் ஒலிகளை அவர் பொருள் தெரியாமலே அடித்துக்கொண்டு போவார். அன்று மூன்றாம் விதியில் விரல் நின்றது.

"காப்பு? இத்து யாங் ஈக்காட் டி தாங்கான், கான்?" என்றார். கையில் கட்டுவார்களே, அதுதானே என்று கேட்டார். அம்மன் திருவிழாவுக்கு அவர் வீட்டிலும் மஞ்சள் நூல் கட்டுவார்கள்.

தமிழே தெரியாத நீர் எனக்குத் தமிழ் சொல்லித் தருகிறீரா என்று கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டு மேலே அடித்தார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த துரை, அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று என்னிடம் விசாரித்தார். நல்ல சொல், குழப்பமே வராது என்றேன்.

இனி மாணிக்கம். ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெளிக்கள வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர். வீடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கடைசியில், கம்பி வேலியை ஒட்டி இருந்தது. அவர் மனுவைத் துரை ஏற்கவில்லை. "அந்த வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் காட்டிலிருந்து வருகிறவன் மாணிக்கத்துக்காக வரமாட்டான். துப்பாக்கிக்காக வருவான். ஆபத்தைத் தடுக்க நினைத்து ஆபத்தை விருந்துக்கு அழைப்பதா?" என்றார்.

நான் வாதாடினேன். அதுவரை எந்த மனுதாரருக்காகவும் அப்படி வாதாடியதில்லை. காவல் சாவடி அரை மைல் தள்ளி இருக்கிறது, உதவி வந்து சேரும்முன் எல்லாம் முடிந்துவிடும், தன் வாசலைத் தானே காக்க ஒருவனுக்கு உரிமை இல்லையா என்றெல்லாம் பேசினேன். ஒரு பக்கக் குறிப்பு எழுதி மனுவோடு இணைத்தேன். அதில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. என் மகள் கோமளா அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆசிரியைக்கு வீடு இல்லாததால் தங்கியிருந்தது மாணிக்கத்தின் வீட்டில். பத்தொன்பது வயதுப் பெண். அவளை அங்கே விட்டுவிட்டு வந்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. துரைக்கு இது தெரிந்திருந்தால் அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டிருப்பார். தெரியாததால் நான்கு நாள் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மாணிக்கமும் அவர் மனைவி அஞ்சலையும் வந்தார்கள். மாணிக்கத்துக்குத் துப்பாக்கி பழக்கம்தான், பழைய மேனேஜரோடு பன்றி வேட்டைக்குப் போனவர். அஞ்சலை கணவன் முதுகுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். கவுண்டரில் கிடந்த துப்பாக்கி அவள் கண்ணில் பட்டிருக்காது. முன்னால் வந்து பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவள் சொல்லும்போது குரல் மட்டும் கேட்டது.

"மூன்றாவது. இதில் எந்நேரமும் காப்பு இருக்க வேண்டும். காப்பு இல்லாமல் வீட்டில் வைக்கக் கூடாது" என்றேன்.

"இதுல எந்நேரமும் காப்பு இருக்கணும். காப்பு இல்லாம வூட்டுல வெக்கக் கூடாது" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். மகிழ்ந்து போனேன். துரையிடம் தலையசைத்துவிட்டுப் பதிவேட்டில் மணியை எழுதினேன்.

வீடு திரும்பியதும் அஞ்சலை தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் மஞ்சள் நூல் வாங்கிக் குழலில் கட்டியிருக்கிறாள். மாணிக்கம் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது, என்னடி இது என்று அறுத்துப் போட்டிருக்கிறார். காப்பு அறுந்தால் ஆகாது என்று அவளுக்குப் பயம். அரசாங்கத்திலும் சொல்லி அனுப்பியிருக்கிறார்களே. அதனால் செப்புத் தகடு ஒன்றை மந்திரித்து வாங்கி, மஞ்சள் துணியில் இறுக்கிச் சுருட்டி, கணவன் கண்ணில் படாதபடி குழலின் வாய் வழியாக உள்ளே தள்ளிவிட்டாள்.

அதன்பின் இரண்டு மாதம் அவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளி முடிந்து கோமளா மதியப் பேருந்தில் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பேருந்து பழுதாகிவிட்டது. இரண்டு மணி வரை சாலையில் காத்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வெயிலுக்குப் பயந்து முன் வாயிலுக்குச் சுற்றிப் போகாமல், வேலியில் வடிகாலுக்காக விட்ட இடைவெளி வழியாக, ஆள் மறையும் லாலான் புல்லுக்குள் வந்திருக்கிறாள். நாய் குரைத்தது. டீச்சர் டவுனுக்குப் போயாச்சு, பின்னால் யாரும் இருக்க வழியில்லை என்று மாணிக்கம் நினைத்தார். புல்லுக்கு மேலே நீளமாக, கறுப்பாக ஒன்று தெரிந்தது. இடைவெளியில் நுழைவதற்காகக் கோமளா மடக்கிய குடை. யாரது என்று கத்தினார். "நான்தான் அண்ணே" என்று அவள் சொன்னது நாயின் சத்தத்தில் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தார், தோட்டாவைப் போட்டார், குழலுக்குள் பார்க்கவில்லை. யாரென்று தெரியும்முன் குறி வைக்காதே என்பதும் நாங்கள் சொன்ன விதிதான், நான்காவது. அவர் அடுப்படி வாசலிலிருந்து என் மகளைக் குறி வைத்துச் சுட்டார்.

குழல் அவர் கையிலேயே வெடித்தது. இடது கையில் மூன்று விரல்கள் போயின. குண்டுகள் எங்கோ புல்லில் சிதறின. குடையில்கூட ஒன்று படவில்லை. ஓடி வந்து தன் புடவையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டியவளும், லாரிக்காகத் தோட்ட ஆபீசுக்கு ஓடியவளும் கோமளாதான்.

நான் மலாக்காப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் தேடி வந்தார். மருத்துவமனையில் மாணிக்கம் என்னைப் பார்த்ததும் கேட்டது, "டீச்சரம்மா பயந்துட்டாங்களா?" என்றுதான்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. துரையின் அறையில் அஞ்சலை நின்றாள், சாட்சியாகக் கோமளா நாற்காலியில் இருந்தாள், பிளந்த குழல் மேசைமேல் கிடந்தது. அந்தத் தோட்டத்தில் என் மகள் இருந்தது துரைக்கு அன்றுதான் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தார். "இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார். அதோடு விட்டுவிட்டு, தகடு உள்ளே எப்படி வந்தது என்று அஞ்சலையைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துப் பேசினாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, துணைக்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இருந்தது.

"நாந்தான் வெச்சேன். அய்யாதான் சொன்னாரு, காப்பு இல்லாம வூட்டுல வெக்கக் கூடாதுன்னு. இந்த எடத்துலதான் சொன்னாரு. நானும் திருப்பிச் சொன்னேனே, அய்யாவுக்குத் தெரியுமே. நூலு கட்டுனா அவரு அறுத்துடுறாரு. அதான் உள்ள வெச்சேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: அவள் ஜனங்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு, வீட்டுக்கு நன்மை என்று நம்பி வைத்திருக்கிறாள்.

துரை பேனாவை நிறுத்தினார். "அவ்வளவுதானா? அவள் நிறையப் பேசினாளே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, சார்" என்றேன்.

மூட நம்பிக்கை என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமளாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். துரை அவளிடம் கேட்டதெல்லாம் பேருந்தையும் குடையையும் பற்றித்தான். அதற்கு மட்டும் பதில் சொன்னாள். அப்பாவைக் காட்டிக் கொடுக்கும் வேலையை ஒரு பெண்ணுக்கு நான் வைத்தேன். அவள் செய்யவில்லை. அதற்காக அன்று நிம்மதி அடைந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

வீட்டுக்கு நடக்கும்போது வழியில் சொன்னாள். "அவங்க சொன்னதுல பாதிதான் இங்கிலீஷ்ல வந்துச்சு, அப்பா."

"மீதி வழக்குக்குத் தேவையில்லம்மா."

"நீங்க தப்பான வார்த்த சொன்னதாலதான் நான் இன்னிக்கு உங்ககூட நடந்து வர்றேன். அதுக்காகவாவது சொல்லியிருக்கலாம்."

சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தத் துப்பாக்கி சரியாக வேலை செய்திருக்கும். தற்காப்பு உரிமையைப் பற்றிச் சிவலிங்கம் வாதாடும்போது நான் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம். என் பெண்ணைக் காக்க நான் வாங்கிக் கொடுத்த ஆயுதம் அவளைத் தேடிப் போனது. அதைத் தடுத்தது என் திறமையோ சட்டமோ இல்லை. அதற்கான விலையை வேறொரு குடும்பம் கொடுத்தது.

மாணிக்கத்தின் உரிமம் ரத்தானது. கண்டக்டர் வேலை போய், ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. லயத்தில் அஞ்சலைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: புருஷன் கையைத் தின்னவள். கோமளா பள்ளித் தவணை முடியும்வரை அந்த வீட்டிலேயே தங்கி, அவர் கட்டுக்கு மருந்து போட்டாள். திரும்பி வா என்று நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது புக்கிட் காதிலில் ஒரு பள்ளியில் இருக்கிறாள். எங்களோடுதான் வசிக்கிறாள். சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை.

விசாரணைக்கு மறுநாளே மூன்றாம் விதியைச் சேப்டிப் பித்தான் என்று மாற்றிப் பிள்ளையிடம் கொடுத்தேன். படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சுதந்திரம் வந்து ஹென்ஷா துரை ஊருக்குப் புறப்பட்ட அன்று கை குலுக்கினேன். உண்மை வாய்வரை வந்தது. என் ஓய்வூதியத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொன்னேன்.

மாணிக்கம் ஒருநாள் வருவார் என்று ஐந்து ஆண்டுகளாக எதிர்பார்த்தேன். வாசலில் எந்தச் சைக்கிள் நின்றாலும் அவர்தானோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வந்தால் என்ன திட்டுவார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று மனசுக்குள் பல முறை பேசிப் பார்த்திருக்கிறேன். அவர் வரவே இல்லை.

நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். கோமளா பள்ளிக்குப் போயிருந்தாள். அஞ்சலை தனியாகப் பேருந்து ஏறி, விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. என் மனைவி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறோம் அய்யா. வர்றவங்க எல்லாம் மொதல்ல அவரு கையப் பாக்குறாங்க, அப்புறம் என்னையப் பாக்குறாங்க. அவரு இன்னிக்கி வரைக்கும் என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல. எனக்குத்தான் தெரிஞ்சுக்கணும். அன்னிக்கு நீங்க அஞ்சு சொன்னீங்க, அஞ்சையும் நான் திருப்பிச் சொன்னேன். அந்த மூணாவத மட்டும் இன்னொரு தடவ அப்படியே சொல்லுங்க அய்யா. எந்த எடத்துல நான் தப்பாக் காதுல வாங்குனேன்னு கேட்டுக்கிட்டுப் போயிடுறேன்."